நாற்பது வளைவுகளுக்கு மேலே வரும் வண்டி

கார் நடுவழியில் பழுதாகி நின்றால் ஆள் அனுப்பி உதவும் திட்டங்கள் பெரும்பாலும் சமவெளி நகரங்களை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. பொள்ளாச்சியிலிருந்து வால்பாறைக்கு ஏறும் 64 கிலோமீட்டர் சாலையில் அந்த விதிகள் ஒவ்வொன்றையும் புதிதாகப் படித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. ஆழியாறு அணையையும் வனத்துறைச் சோதனைச் சாவடியையும் குரங்கு அருவியையும் கடந்ததும் மலை ஏறத் தொடங்குகிறது. அங்கிருந்து 40 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றிலும் எண் எழுதிய பலகை நிற்கிறது. ஒன்பதாவது வளைவில் லோம்ஸ் காட்சிமுனை. அங்கே நின்றால் ஆழியாறு நீர்த்தேக்கம் முழுவதும் காலடியில் தெரியும். அட்டகட்டி வரும்வரை ஆனைமலைக் காடுதான். பட்டறையோ பெட்ரோல் பங்கோ கிடையாது. அதற்கு மேலே வாட்டர்ஃபால்ஸ், கவர்க்கல், அய்யர்பாடி, ரொட்டிக்கடை என்று தேயிலைத் தோட்டங்கள் விரிந்து, சுமார் 3,500 அடி உயரத்தில் வால்பாறை நகரம் வருகிறது. இந்த வழியில் எங்கே கார் நின்றாலும், ரெக்கவரி வண்டி பெரும்பாலும் கீழே இருந்துதான் வர வேண்டும்.

ஏற்றத்தில் நிற்கும் காருக்கும் இறக்கத்தில் நிற்கும் காருக்கும் பழுது வேறு வேறு. ஏறும்போது காரணம் பெரும்பாலும் சூடு அல்லது கிளட்ச். ஐந்து பேர், டிக்கி நிறையச் சாமான், ஓடிக்கொண்டிருக்கும் ஏசி, முன்னால் மெதுவாக ஏறும் அரசுப் பேருந்து. ஓட்டுபவர் பாதி கிளட்சில் காலை வைத்தே நாலைந்து வளைவுகளைக் கடக்கிறார். கிளட்ச் பிளேட் கருகும் வாடை வருகிறது. கூலன்ட் குறைந்திருந்தாலோ ரேடியேட்டர் விசிறி சுழலாவிட்டாலோ பானெட்டிலிருந்து ஆவி கிளம்புகிறது. இறங்கும்போது பிரேக் கைவிடுகிறது. எந்த கியரில் ஏறினோமோ அதே கியரில் இறங்க வேண்டும் என்பது மலைக்காரர்களின் பாலபாடம். அதை விட்டு பிரேக்கை மட்டுமே நம்பி இறங்கினால் பேட் கொதிக்கும். நாள்பட்ட பிரேக் ஆயிலில் கலந்திருக்கும் ஈரம் ஆவியாகும். மிதி பஞ்சுபோல் உள்ளே போகும். தென்மேற்குப் பருவமழை தொடங்கியதும் வேறு வகைத் தொல்லைகள் வந்து சேர்கின்றன. மேட்டிலிருந்து உருண்டு கிடக்கும் கல், டயரின் பக்கச் சுவரைக் கிழித்துவிடும். அந்தக் கிழிசலுக்குப் பஞ்சர் ஒட்ட முடியாது. கவர்க்கல் மூடுபனியில் பகலிலேயே விளக்கும் வைப்பரும் ஓட, பழைய பேட்டரி சோர்ந்துபோகும்.

இந்தப் பகுதியில் உதவி என்பது அட்டைகளும் கால் சென்டர்களும் வருவதற்கு வெகுகாலம் முந்தையது. ஜி.டி. நாயுடு 1920-இல் ஒரே ஒரு பேருந்தைப் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஓட்டித் தன் போக்குவரத்துத் தொழிலைத் தொடங்கினார். நாச்சிமுத்துக் கவுண்டரின் ஆனைமலைஸ் பஸ் டிரான்ஸ்போர்ட் 1931-இல் பொள்ளாச்சியில் தோன்றியது. ஏபிடி என்று ஊர் அழைத்த அந்தப் பெயரிலேயே மலை இருக்கிறது. வண்டி நின்றால் தங்கள் பட்டறையிலிருந்து தாங்களே ஆள் அனுப்பிக்கொள்ளும் வழி இத்தகைய நிறுவனங்களுக்கு இருந்தது. எஸ்டேட்டுகளுக்கோ சொந்த லாரிகள் இருந்தன, சொந்த மெக்கானிக்குகளும் இருந்தார்கள். தனியார் கார் வைத்திருந்த சிலருக்கு மட்டும் இந்த இரண்டு பக்கத்தாரின் தயவே கதி.

இக்கட்டுரையில் வரும் நினைவுகளுக்கு உரிய குடும்பம் ரொட்டிக்கடையில் இருந்தது. தந்தை தேயிலைத் தொழிற்சாலை ஒன்றில் கணக்கர். தொண்ணூறுகளில் வாங்கிய பழைய மாருதி 800 அந்த வீட்டின் முதல் கார். அது வழியில் நின்றால் செய்வதற்கு ஒரு முறை இருந்தது. கீழே இறங்கும் பேருந்தைக் கைகாட்டி நிறுத்தி, ஓட்டுநரிடம் ஒரு துண்டுச் சீட்டைக் கொடுப்பார்கள். அதில் வளைவின் எண், வண்டியின் பெயர், என்ன சத்தம் அல்லது என்ன வாடை வந்தது என்ற மூன்று விவரம் மட்டும் இருக்கும். பேருந்து பொள்ளாச்சி நிலையத்தை அடைந்ததும் சீட்டு பக்கத்துப் பட்டறைக்குப் போகும். மெக்கானிக் அடுத்து மலையேறும் பேருந்தில் சாமான் பையை மடியில் வைத்துக்கொண்டு வருவார். சொன்ன வளைவில் ஓட்டுநர் நிறுத்தி இறக்கிவிடுவார். ஃபேன் பெல்ட், ஹோஸ் பைப், பிளக், பாயின்ட் என்று அந்தக் காலத்துக் காருக்கு வேண்டியவை அந்தப் பைக்குள்ளேயே அடங்கின. கூலியைப் பிறகு டவுனுக்கு வரும்போது கொடுத்தால் போதும். இதற்கு ஆண்டுச் சந்தா கிடையாது. ஆனால் அரை நாள் காத்திருக்க வேண்டும். இடையில் போகும் தேயிலை லாரி நின்று, “என்னாச்சுங்க, தண்ணி கிண்ணி வேணுங்களா?” என்று கேட்காமல் போனதாக அந்த வீட்டில் யாருக்கும் நினைவில்லை. இப்போதும் வால்பாறை வண்டிகள் பெரும்பாலும் நின்று கேட்டுவிட்டுத்தான் போகின்றன. எந்த நிறுவனத்தின் திட்டத்தைவிடவும் இந்த வழக்கம் பெரியது. அது தேய்ந்துவிடக் கூடாது.

உறுப்பினர்கள் சந்தா கட்டிக் கூட்டாகப் பாதுகாப்பு பெறும் ஏற்பாடு, மோட்டார் வண்டியின் தொடக்கக் காலத்திலேயே மேலை நாடுகளில் உருவானது. பிரிட்டனின் ஆட்டோமொபைல் அசோசியேஷன் 1905-இல் தொடங்கியது. வேகக் கட்டுப்பாட்டுக்காகப் போலீசார் மறைந்திருந்து பிடிக்கும் இடங்களைக் காரோட்டிகளுக்கு எச்சரிப்பதே அதன் முதல் வேலை. பழுது பார்த்து உதவுவது பிறகு வந்து சேர்ந்தது. அதன் ரோந்துக்காரர்கள் முதலில் சைக்கிளில் போனார்கள். சாலையோரத் தொலைபேசிப் பெட்டிகளைத் திறக்க உறுப்பினர்களுக்குச் சாவி கொடுக்கப்பட்டது. ஜெர்மனியின் மோட்டார் சங்கமான ஏடிஏசி 1954-இல் சாலை ரோந்தைத் தொடங்கியது. அதன் மஞ்சள் வண்டிக்காரர்களை மக்கள் மஞ்சள் தேவதைகள் என்றே அழைக்கிறார்கள். தேயிலை மலைகளைக் கொண்ட இலங்கையில் ஆட்டோமொபைல் அசோசியேஷன் ஆஃப் சிலோன் 1904-ஆம் ஆண்டிலேயே தோன்றிவிட்டது. தென்னிந்தியாவுக்கும் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட மோட்டார் சங்கம் ஒன்று உண்டு. ஆனால் இங்கே சாதாரணக் குடும்பங்களிடம் இந்த ஏற்பாடு சங்கங்கள் வழியாக வரவில்லை. கார்த் தயாரிப்பாளர்கள், காப்பீட்டு நிறுவனங்கள் வழியாகவே வந்தது.

இன்று வால்பாறையில் கார் வைத்திருப்பவருக்கு நான்கு வழிகள் இருக்கின்றன. புதிய காருடன் வாரண்டிக் காலத்துக்குத் தயாரிப்பாளர் தரும் ஆர்எஸ்ஏ என்னும் சாலையோர உதவி ஒன்று. காலம் முடிந்தபின் பணம் கட்டி நீட்டித்துக்கொள்ளலாம். காப்பீட்டு பாலிசியோடு கூடுதலாகச் சேர்க்கும் ஆட்-ஆன் இரண்டாவது. இதற்கென்றே இருக்கும் தனி நிறுவனங்களின் ஆண்டு உறுப்பினர் திட்டம் மூன்றாவது. பொள்ளாச்சியில் ரெக்கவரி வண்டி வைத்திருப்பவரின் கைப்பேசி எண் நான்காவது. முதல் மூன்றிலும் பெயர்ப்பலகை வேறுபட்டாலும், பல நேரங்களில் பின்னால் வேலை செய்பவர் ஒருவரே. பெரிய நிறுவனங்கள் எல்லா ஊரிலும் சொந்த வண்டி வைத்திருப்பதில்லை. அந்தந்த ஊர் ரெக்கவரி உரிமையாளர்களோடு ஒப்பந்தம் செய்துகொள்கின்றன. ஒரே வண்டிக்காரர் மூன்று நிறுவனங்களின் அழைப்பையும் எடுப்பது உண்டு. ஆகவே விளம்பரத்தில் வரும் பெயரைவிட, ஆழியாறுக்கு மேலே யார் வண்டி அனுப்புகிறார், அவருக்கும் நிறுவனத்துக்கும் கணக்கு ஒழுங்காக நடக்கிறதா என்பதே தேர்வின் மையம். மலைக்கு ஏறி இறங்கும் டீசலுக்கும் நேரத்துக்கும் ஏற்ற தொகை தராத நிறுவனத்தின் அழைப்பை வண்டிக்காரர் தட்டிக்கழிப்பார். அவரைக் குற்றம் சொல்ல முடியாது.

அந்தக் குடும்பம் இதைத் தெரிந்துகொண்டது மூத்த மகனின் காலத்தில். அவர் கோவையில் வேலைக்குச் சேர்ந்து, புதிதாக வாங்கிய காரில் ஊருக்கு வந்துபோனார். மழை விட்ட ஒரு மாலையில், இறங்கும் வழியில், பதினேழாவது வளைவுக்கு அருகில் பிரேக் மிதி தரைவரை போய், கைபிரேக்கைப் பிடித்து ஓரமாக நிறுத்த வேண்டிவந்தது. டயருக்கு அடியில் கல்லை வைத்துவிட்டு, அட்டையில் இருந்த எண்ணுக்கு அழைத்தார். எடுத்தவர் தொலைதூர நகரம் ஒன்றில் இருந்தார். மொழி மாற்றித் தமிழ் பேசும் பெண்ணிடம் இணைப்பு போனது.

“எந்த இடம் சார்?”

“வால்பாறை ரோடு, பதினேழாவது கொண்டை ஊசிங்க.”

“ஊர் பேரு சொல்லுங்க சார்.”

“ஊரு இல்லீங்க, காடு.”

“பக்கத்துல ஏதாவது கடை, ஏடிஎம் இருக்கா சார்? பின்கோடு சொல்லுங்க.”

வால்பாறையின் 642127 கொடுக்கப்பட்டது. அந்த எண்ணை வைத்து மாவட்டம் கோயம்புத்தூர் என்று கணினி கண்டுகொண்டது. கோவை நகரத்தில் இருந்த ஒரு ரெக்கவரிக்காரருக்கு வேலையை ஒதுக்கியது. கோவைக்கும் வால்பாறைக்கும் நூறு கிலோமீட்டருக்கு மேல். கோவைக்காரர் அழைத்து, “அவ்வளவு தூரம் மலைக்கு எங்களுக்குக் கட்டுபடியாகாதுங்க” என்று சொல்லிவிட்டார். அழைப்பு மீண்டும் முதலிலிருந்து தொடங்கியது. அதற்குள் சிக்னல் ஒரு கோட்டுக்கும் இல்லாமைக்கும் இடையே ஊசலாடிக்கொண்டிருந்தது. குறுஞ்செய்தியில் வந்த இணைப்பைத் திறந்து இருப்பிடத்தை அனுப்பச் சொன்னார்கள், அது திறக்கவேயில்லை.

கடைசியில் வந்தவர் பொள்ளாச்சிக்காரர். கீழே போன ஒரு ஜீப் ஓட்டுநர் எண்ணை எழுதிக்கொண்டு போய், சிக்னல் கிடைத்த இடத்திலிருந்து அவரை அழைத்திருந்தார். அவர் திரும்ப அழைத்துக் கேட்ட கேள்விகள் வேறு. “எத்தனாவது பெண்டுங்ணா? ஏறும்போதா, எறங்கும்போதாங்க? வண்டி ஆட்டோமேட்டிக்குங்களா?” முதல் கேள்வியில் இடம் தெரிந்துவிடுகிறது. இரண்டாவதில் பழுதின் வகை பாதி தெரிந்துவிடுகிறது. எந்தச் சாமானை எடுத்துவர வேண்டும் என்பதும் அதிலேயே அடங்கியிருக்கிறது. மூன்றாவதில் எந்த வண்டியில் வர வேண்டும் என்று முடிவாகிறது. ஒரு நிறுவனத்தைத் தேர்ந்தெடுக்கும்போது திட்டத்தை வாங்குவதற்கு முன்பே அவர்களுடைய உதவி எண்ணை அழைத்து, வளைவின் எண்ணை மட்டும் சொல்லிப் பார்த்தால், மறுமுனையில் இருப்பவர் இந்தச் சாலையை அறிந்தவரா என்பது ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். இத்தனை எளிய சோதனை வேறு இல்லை.

அடுத்துப் படிக்க வேண்டியது தூர விதி. பல திட்டங்கள் இலவசமாக இழுத்துச் செல்லும் தூரத்தை 50 கிலோமீட்டர் அல்லது 100 கிலோமீட்டர் என்று வரையறுக்கின்றன. நகரத்தில் இருப்பவருக்கு 50 கிலோமீட்டர் தாராளம். வால்பாறையில் நின்ற கார் பொள்ளாச்சியை அடையவே 64 கிலோமீட்டர். 50 கிலோமீட்டர் திட்டம் மலையடிவாரத்தைத் தாண்டி ஆழியாறுக்கும் பொள்ளாச்சிக்கும் நடுவே எங்கோ தீர்ந்துபோகும். மீதித் தூரத்துக்குக் கிலோமீட்டர் கணக்கில் காசு கொடுக்க வேண்டும். அதைவிட நுட்பமானது தூரத்தை எங்கிருந்து எண்ணுகிறார்கள் என்பது. சில ஒப்பந்தங்களில் கார் நின்ற இடத்திலிருந்து பட்டறை வரை. சிலவற்றில் ரெக்கவரி வண்டி தன் இடத்தை விட்டுப் புறப்பட்டுத் திரும்பும் முழுத் தூரம். இரண்டாவது வகையில் பொள்ளாச்சியிலிருந்து ஏறி, காரை ஏற்றிக்கொண்டு இறங்குவதற்குள் 100 கிலோமீட்டரும் கரைந்துவிடுகிறது. ‘அருகிலுள்ள அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டர்’ என்ற தொடரையும் கவனிக்க வேண்டும். கம்பெனி சர்வீஸ் சென்டர் பொள்ளாச்சியில் இல்லாத பிராண்டு என்றால் கார் கோவைவரை போக வேண்டிவரும்.  வால்பாறைக்காரர் கூடுதல் பணம் கொடுக்க வேண்டிய ஒரே அம்சம் தூரம்.

எப்படி இழுக்கிறார்கள் என்பதில் உயிரே அடங்கியிருக்கிறது. சமவெளியில் கயிறு கட்டி இழுப்பது வழக்கம். சட்டம் அதற்கு இடம் தருகிறது. இரு வண்டிகளுக்கும் இடையே ஐந்து மீட்டருக்கு மேல் இடைவெளி கூடாது, மெதுவாகத்தான் போக வேண்டும் என்ற கட்டுப்பாடுகளோடு. மலை இறக்கத்தில் இது ஆபத்து. எஞ்சின் அணைந்த காரில் பிரேக்குக்கு உதவும் வெற்றிட அழுத்தம் இரண்டு மூன்று மிதிக்குள் தீர்ந்துவிடும். பிறகு முழுப் பலத்தோடு மிதித்தாலும் பிரேக் சரியாகப் பிடிக்காது. பவர் ஸ்டியரிங்கும் வேலை செய்யாது. சக்கரத்தைத் திருப்பவே இரு கையும் வலிக்கும். வளைவில் முன் வண்டி திரும்பும்போது கயிறு தளர்கிறது, மறுகணம் வெட்டி இழுக்கிறது. ஆட்டோமேட்டிக் காரையும் மின்சாரக் காரையும் சக்கரம் தரையில் உருள இழுத்தால் கியர் பெட்டியோ மோட்டாரோ கெட்டுப்போகலாம் என்று அவற்றின் கையேடுகளே எச்சரிக்கின்றன. அத்தகைய கார்களை முழுவதுமாகத் தூக்கி ஏற்றும் பிளாட்பெட் வண்டியே வேண்டும். ஆனால் நீண்ட பிளாட்பெட்டுக்குக் கொண்டை ஊசியில் ஒரே திருப்பலில் திரும்ப இடம் போதாது. முன்னும் பின்னும் எடுத்துத் திரும்பும்போது எதிரே பேருந்து வந்தால் இருபுறமும் போக்குவரத்து நின்றுவிடும். பொள்ளாச்சிக்காரர்கள் மலைக்கென்று குட்டையான சேஸில் பிளாட்பெட் வைத்திருப்பது இதனால்தான். திட்ட ஆவணத்தில் ‘இழுத்துச் செல்லுதல்’ என்று மட்டும் இருந்தால் போதாது. பிளாட்பெட் என்ற சொல் எழுத்தில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

ஆவணத்தின் மற்ற பகுதிகளைச் சுருக்கமாகவே பார்க்கலாம், அவை எல்லா ஊருக்கும் ஏறத்தாழ ஒன்றுதான். ஆண்டுக்கு இத்தனை தடவை என்ற எல்லை உண்டு, பெரும்பாலும் நான்கு. எரிபொருள் தீர்ந்தால் ஐந்து லிட்டர்வரை கொண்டுவந்து ஊற்றுவார்கள். விலையை நாம்தான் தர வேண்டும். டயர் மாற்றித் தருவார்கள், ஆனால் ஸ்டெப்னியில் காற்று இருக்க வேண்டும். பேட்டரிக்கு ஜம்பர் கேபிள் போட்டுக் கிளப்பிவிடுவார்கள். புது பேட்டரி நம் செலவு. சாக்கடையிலோ பள்ளத்திலோ இறங்கிய காரை ஹைட்ரா கிரேன் வைத்து எடுப்பது பல திட்டங்களில் விலக்கு. தேயிலைச் சரிவு நிறைந்த ஊரில் இந்த விலக்கு சிறியதல்ல.

காப்பீடு இருக்கிறதே, அது போதாதா என்று பலரும் எண்ணுகிறார்கள். 2002-ஆம் ஆண்டின் மோட்டார் டாரிஃப் வகுத்த பாலிசி வாசகத்தின்படி, விபத்தில் முடங்கிய தனியார் காரை அருகிலுள்ள பட்டறைக்குக் கொண்டுசேர்க்க ₹1,500 வரை கிடைக்கும். அது விபத்துக்கு மட்டும். எஞ்சினோ மின்சுற்றோ தானாகப் பழுதானால் அந்த பாலிசியில் இடமில்லை. நிலச்சரிவு, பாறைச் சரிவு, வெள்ளம் ஆகியவற்றால் காருக்கு நேரும் சேதம் முழுக் காப்பீட்டில் அடங்கும் என்பது மழைக்கால வால்பாறைக்கு ஆறுதலான செய்தி. அதே பாலிசியில் இன்னொரு நிபந்தனை இருக்கிறது: விபத்தோ பழுதோ ஏற்பட்டால், மேலும் சேதம் வராதபடி முன்னேற்பாடு செய்யாமல் காரை அப்படியே விட்டுவிட்டுப் போகக் கூடாது. கல் வைத்து, முக்கோண எச்சரிக்கைப் பலகை வைத்து, யாரையாவது காவலுக்கு விட்டுத்தான் கீழே இறங்க வேண்டும். பழுதோடு ஓட்டிச் சேதம் அதிகமானால் அது உரிமையாளர் பொறுப்பு.

இன்னொரு குழப்பம் 1033 என்ற எண்ணைப் பற்றியது. தேசிய நெடுஞ்சாலை ஆணையத்தின் அந்த உதவி எண் தேசிய நெடுஞ்சாலைகளுக்கானது. கோவையிலிருந்து பொள்ளாச்சி வரும் வழி தேசிய நெடுஞ்சாலை என்பதால் அங்கே அது பயன்படும். பொள்ளாச்சியைத் தாண்டி வால்பாறைக்குத் திரும்பிவிட்டால் அது மாநிலச் சாலை. அந்த ரோந்து வண்டி மேலே வராது. உயிருக்கு ஆபத்து என்றால் 112, காயம் என்றால் 108. இந்த இரண்டையும் ரெக்கவரி எண்ணோடு சேர்த்துக் காரின் கண்ணாடிக்கு மேல் ஒட்டிவைக்கும் வழக்கம் பல வாடகை வண்டிகளில் இருக்கிறது.

இரவில் நின்றால் காத்திருப்பதே ஒரு கலை. வால்பாறை மேட்டு நிலத்தில் காட்டுத் துண்டுகளுக்கு இடையே யானைகள் தேயிலை வழியாகத்தான் நடமாடுகின்றன. நேச்சர் கன்சர்வேஷன் ஃபவுண்டேஷன் அமைப்பு யானை நிற்கும் இடத்தை உள்ளூர் கேபிள் தொலைக்காட்சியிலும் குறுஞ்செய்தியிலும் அறிவித்தது. யானை அருகில் இருக்கும்போது எரியும் சிவப்பு விளக்குகளை முக்கிய இடங்களில் நிறுவியது. அந்தப் பணிக்காக அந்த அமைப்பைச் சேர்ந்த ஆனந்தகுமாருக்கு 2015-இல் விட்லி விருது கிடைத்தது. காத்திருப்பவர் கற்க வேண்டியது இதுதான்: சிவப்பு விளக்கு எரியும் இடத்துக்கு அருகே இறங்கி நடக்கக் கூடாது, ஹாரன் அடிக்கக் கூடாது, கைப்பேசி விளக்கை யானை மீது அடிக்கக் கூடாது. திட்டத்தில் ‘வந்துசேரும் நேரம்’ என்று எழுதியிருக்கும் நிமிடக் கணக்கு பெரும்பாலும் நகர எல்லைக்குள் மட்டும் பொருந்தும். மலைப்பகுதிக்கு அது நீளும் என்ற வரி சிறிய எழுத்தில் இருக்கும். மாலை வேளையில் ரொட்டிக்கடை வீட்டில் இருந்து யாராவது இறங்கினால், தாய் ஃபிளாஸ்கில் டீயும் ஒரு போர்வையும் காரில் வைப்பதை வழக்கமாக்கியிருந்தார். அந்த வரியைப் படிக்காமலேயே அவருக்கு அது தெரிந்திருந்தது.

கேரளப் பக்கம் இறங்குபவர்களுக்குக் கணக்கு வேறு. வால்பாறையிலிருந்து சோலையாறு அணை, மலக்கப்பாறை, வாழச்சால், அதிரப்பள்ளி வழியாகச் சாலக்குடி போகும் சாலை நூறு கிலோமீட்டருக்கும் மேல். அதில் நீண்ட பகுதி காடு. இரவில் வனச் சோதனைச் சாவடிகள் வண்டிகளை விடுவதில்லை. அந்தப் பக்கம் நின்ற காருக்கு உதவி சாலக்குடியிலிருந்து வர வேண்டுமா, வால்பாறையிலிருந்தா என்பதை மாநில எல்லையே தீர்மானிக்கிறது. சில ஒப்பந்தக்காரர்கள் எல்லை தாண்டி வருவதில்லை. இந்த வழியே அடிக்கடி போகிறவர்கள் தமிழ்நாடு, கேரளம் இரண்டிலும் இழுக்க ஒப்புக்கொள்ளும் திட்டத்தைத்தான் எடுக்க வேண்டும்; அதையும் எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும்.

பதினேழாவது வளைவுக்குப் பிறகு அந்தக் குடும்பம் தேர்வு செய்த முறை எளியது. பாலிசி புதுப்பிக்க வேண்டிய மாதத்துக்கு முன்பே மூன்று நிறுவனங்களிடம் ஒரே கேள்விகளைக் கேட்டு, பதிலை மின்னஞ்சலில் தரச் சொன்னார்கள். ஆழியாறுக்கு மேலே யாருடைய வண்டி வரும்? அது எங்கிருந்து புறப்படும்? தூரம் எங்கிருந்து எண்ணப்படும்? பிளாட்பெட் உண்டா? இரவில் வருமா? ஒரு நிறுவனம் பதிலே தரவில்லை. ஒன்று, ‘இந்தியா முழுவதும்’ என்ற விளம்பர வாசகத்தையே திருப்பி அனுப்பியது. மூன்றாவது நிறுவனம் பொள்ளாச்சி ஒப்பந்தக்காரர் ஒருவர் இருப்பதைச் சொன்னது. 100 கிலோமீட்டரை கார் நின்ற இடத்திலிருந்து எண்ணுவதாகவும் எழுதித் தந்தது. சந்தா மற்றவற்றைவிடச் சற்று அதிகம். அதையே எடுத்தார்கள். அதற்கு மேலும் அந்தப் பொள்ளாச்சி வண்டிக்காரரின் எண்ணை வீட்டில் எல்லாருடைய கைப்பேசியிலும் பதிந்துகொண்டார்கள். நிறுவனத்துக்கு அழைக்கும்போதே அவருக்கும் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால், வேலை அவருக்கு ஒதுக்கப்படும் முன்னரே அவர் வண்டியில் டீசல் இருக்கிறதா என்று பார்த்துவிடுவார்.

புதுப்பிப்பதில் ஒரு கண்ணி உண்டு. காப்பீட்டை ஒரு நிறுவனத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும்போது ஆட்-ஆன் தானாகத் தொடராது. புதிதாகச் சேர்க்க வேண்டும். தனி உறுப்பினர் திட்டங்களில் பணம் கட்டிய பிறகு சில நாட்கள் கழித்தே உதவி தொடங்கும் என்ற விதி இருப்பதும் உண்டு. மலையேறும் நாள் காலையில் வாங்கினால் அன்றைக்குப் பயன்படாது.

ஒத்துக்கொண்டபடி வண்டி வராவிட்டால் புகார் எங்கே போகிறது என்பது எந்த வகைத் திட்டம் என்பதைப் பொறுத்தது. காப்பீட்டின் ஆட்-ஆன் என்றால் முதலில் நிறுவனத்தின் குறைதீர் அலுவலர், அங்கே தீராவிட்டால் சென்னையில் உள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளர். தயாரிப்பாளரின் திட்டமோ தனி உறுப்பினர் அட்டையோ காப்பீடு அல்ல. அவற்றுக்கு 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் கோயம்புத்தூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை அணுக வேண்டும். எங்கே போனாலும் கையில் வேண்டியவை அழைத்த நேரம், அவர்கள் தந்த புகார் எண், வண்டி வராததற்குச் சொன்ன காரணம், நாமே ஏற்பாடு செய்த ரெக்கவரிக்குக் கொடுத்த பணத்தின் ரசீது. ரெக்கவரிக்காரர் அந்த ரசீதில் வளைவின் எண்ணையும் எழுதித் தந்தால் கார் நின்ற இடத்துக்கு வேறு சான்று தேட வேண்டியதில்லை.